இரண்டு கட்டில்களுக்கு மட்டும் வீசிய காற்று

முத்தாரங்குளம் தாலுகா அரசு மருத்துவமனையில், பெண்கள் வார்டின் தெற்குக் கோடியில், பதினோரு வருடமாகச் சும்மா தொங்கிக்கொண்டிருந்த ஒரு மின்விசிறி, மோட்டார் காயில் எரிந்து, வயர் அறுந்து, இறக்கையில் குளவி கூடு கட்டி, சாமான் பதிவேட்டில் 'உபயோகமற்றது' என்று சிவப்பு மையில் எழுதப்பட்டுவிட்ட அந்த விசிறி, ஒரு புரட்டாசி மாதச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சுற்ற ஆரம்பித்தது. அந்த நேரத்தில் ஊரில் கரண்டும் இல்லை. அதற்கு நேர் கீழே இரண்டு கட்டில்களில் படுத்திருந்த இரண்டு பேர், ஒருத்தி சிறுநீரகம் கெட்டவள், இன்னொருத்தி நெஞ்சில் நீர் கோர்த்தவள், டாக்டர்கள் வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொல்லிவிட்டவர்கள், எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றார்கள். சிஸ்டர் கிரேஸ் இட்லி வாங்கி வரச் சொன்னார்.

நான் ஆவுடைநாயகம். தாலுகா ஆபீஸ் வாசலில், ஜெராக்ஸ் கடையின் தகரக் கூரைக்கு அடியில் மேசை போட்டு மனு எழுதுகிறவன். முப்பத்திரண்டு வருடமாக இந்த ஊர்க்காரர்களின் கஷ்டங்களை 'பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்' என்று ஆரம்பித்து 'ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பவன். செத்துப்போனவர் தான் உயிரோடிருப்பதாக எழுதச் சொன்னதுண்டு, உயிரோடிருப்பவர் தன்னைச் செத்ததாகக் காட்டச் சொன்னதும் உண்டு. அதனால் எதைக் கேட்டாலும் வாயைப் பிளக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஊரும் வாயைப் பிளக்கவில்லை. முதல் வாரத்தில் பொதுப்பணித்துறைக்காரர்கள் வந்து ஏணி போட்டு ஏறிப் பார்த்து, விசிறிக்கு மின் இணைப்பு இல்லை, ஆகவே அது சுற்றவில்லை என்று அறிக்கை எழுதி, அது கிளப்பிய காற்றில் காகிதம் பறக்காமல் கையால் அழுத்திப் பிடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டாவது வாரத்தில் அம்மன் கோயில்காரர்கள் விசிறித் தண்டில் மஞ்சள் துணி கட்டினார்கள், அந்தோணியார் கோயில்காரர்கள் கீழே மெழுகுவத்தி வைத்தார்கள், அது காற்றில் நிற்காமல் அணைந்ததால் வேறு மூலைக்கு மாற்றினார்கள், பள்ளிவாசலிலிருந்து வந்தவர்கள் ஓதிவிட்டுப் போனார்கள், மூன்று தரப்பாரும் ஒருவரை ஒருவர் வழிமறிக்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஆண் நோயாளிகளும் படுக்க வேண்டுமே என்று நடுவில் பச்சைத் திரை போட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அதைக் கழற்றிக்கொண்டு போய் மாட்டிப் பார்த்தார்கள், அங்கே அது வெறும் இரும்பாகத் தொங்கியது, திரும்பக் கொண்டுவந்து மாட்டியதும் சுற்றியது. மூன்றாவதாக ஒரு கட்டிலைச் செருகிப் பார்த்தார்கள், காற்று அதன் மேல் படாமல் விலகிப் போனது. ஆட்களைக் குறுக்காகப் படுக்கவைத்துத் தலையை மட்டும் உள்ளே நீட்டச் சொன்னார்கள், தலை மட்டும் தேறியது. தலைவலிக்காரர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது, மற்றவர்களுக்கு உதவவில்லை.

அந்தக் காற்று யாரையும் குணப்படுத்தவில்லை என்பதை டாக்டர் நசீமாதான் கண்டுபிடித்துச் சொன்னார். நோய் நின்ற இடத்தில் அப்படியே நிற்கும், அவ்வளவுதான். ஒரு ஆளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று மணி நேரம் காற்று பட வேண்டும், பட்டால் வீட்டுக்குப் போய் மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு நடமாடலாம், பட்டுப் பழகியவருக்கு அது நின்றுபோனால் இரண்டு வாரத்தில் கதை முடிந்துவிடும். இரண்டு கட்டில், முழுநாளும் ஆள் மாற்றி ஆள் படுத்தாலும் மொத்தம் முப்பத்திரண்டு பேருக்குத்தான் காணும். முப்பத்திரண்டும் நிறைகிறவரைக்கும் எங்கள் ஊர் மிகவும் நல்ல ஊராக இருந்தது.

முப்பத்து மூன்றாவதாக வந்தவள் ஜெனிட்டா. பத்தொன்பது வயது, பி.காம் இரண்டாம் வருடம், இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போயிருந்தன. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் மரியசெல்வியின் ஒரே மகள். அவளுக்குப் பின்னால் இன்னும் பதினாறு பேர் வந்துவிட்டார்கள், அதில் இரண்டு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். தாசில்தார் கூட்டம் கூட்டினார். டாக்டர் நசீமாவும் வணிகர் சங்கத் தலைவர் தவமணி அண்ணாச்சியும் கமிட்டியில் இருந்தார்கள். மனுக்களைப் படித்துச் சொல்ல என்னையும் ஒரு ஓரமாக உட்காரவைத்தார்கள்.

தவமணி அண்ணாச்சிக்குக் கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற தொழில். அண்டா, குத்துப்போணி, பந்தி மேசை, நாற்காலி எல்லாம் அவர் கடையிலிருந்துதான் போகும். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. அன்றைக்குக் கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்தான் எழுந்து பேசினார்.

"இதுல என்னய்யா இவ்வளவு யோசன? கல்யாண வீட்டுல என்ன செய்யுதோம்? முதல் பந்தியில சாப்பிட்டவன் கையக் கழுவிட்டு எந்திரிச்சாத்தான ரெண்டாம் பந்திக்காரன் உக்கார முடியும்? எழுபது வயசு தாண்டினவங்க சாப்பிட்டாச்சு. பாயசம் வரைக்கும் சாப்பிட்டாச்சு. நிக்கிற சின்னஞ்சிறுசுகளுக்கு இடம் விடணுமா வேண்டாமா?"

எல்லோருக்கும் உடனே மனசு லேசாகிவிட்டது. அவ்வளவு நேரமும் வாய்க்குள் கல்லாகக் கிடந்த ஒன்றை ஒருவர் சோறும் சாம்பாருமாக மாற்றிக் கொடுத்துவிட்டார். விதி அப்படியே எழுதப்பட்டது: எழுபது வயது நிரம்பியவர்கள் நிறைவாக வாழ்ந்தவர்கள் ஆதலால் இடம் விட வேண்டும், தக்க காரணம் உள்ளவர்கள் மனுச் செய்தால் ஆறு மாதம் நீட்டிப்பு தரப்படும். விதி தப்பு என்று அன்றைக்கு நானும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்ல மாட்டேன். பத்தொன்பது வயதுப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நிற்கும்போது யாராக இருந்தாலும் ஏதாவது ஒரு விதியை எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்த வாரமே பதினோரு பேர் தாங்களாகவே எழுந்து போனார்கள். யாரும் அவர்களைத் தொடவில்லை, அதட்டவில்லை. "நாங்க சாப்பிட்டாச்சு, சின்னப்பிள்ளைய எல்லாம் சாப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டு, தலையணை உறையை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ் ஏறிப் போனார்கள். இரண்டு வாரத்துக்குள் பதினோரு இழவு விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் தவமணி அண்ணாச்சி ஆளுயர மாலையோடு வந்தார், தியாகச் செம்மல் என்று போஸ்டர் அடித்தார்கள், ஊரே அவர்களின் பெருந்தன்மையைப் பேசிப் பேசி மாய்ந்துபோனது. அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நான் போய்க் கைகட்டி நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

காலியான பதினோரு இடமும் சின்னப் பிள்ளைகளுக்கும் குடும்பம் இழுக்கிற ஆண்களுக்கும் போனது. எழுந்து போகாத எழுபது வயதுக்காரர்கள் என்னிடம் வந்தார்கள். காரணம் எழுதுவதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியது அப்போதுதான். பேத்தி கல்யாணம் முடியவில்லை, வரப்புத் தகராறு கேஸ் முடியவில்லை, மகன் கட்டுகிற வீட்டுக்கு இன்னும் மேல் தளம் போடவில்லை, குலசாமிக்கு நேர்ந்த நேர்ச்சை முடியவில்லை என்று ஒவ்வொருவருக்கும் ஒன்றைத் தேடிப்பிடித்து எழுதினேன். கமிட்டி நீட்டிப்புக் கொடுத்தது. கொடுத்த கையோடு, காரணம் தீர்ந்துவிட்டால் நீட்டிப்பும் தீர்ந்துவிடும் என்று கீழே ஒரு வரி சேர்த்தது.

அந்த ஒரு வரிதான் ஊரைத் தலைகீழாக்கியது. நிச்சயமான கல்யாணங்கள் நின்றுபோயின, ஏனென்றால் பேத்தி கழுத்தில் தாலி ஏறிய அன்றைக்குத் தாத்தாவின் காரணம் போய்விடும், மாப்பிள்ளையும் பெண்ணும் தாலுகா ஆபீஸ் எதிரில் டீக்கடையில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுக்கச் சுவர் எழும்பிய வீடுகள் தளம் இல்லாமல் மழையில் நனைந்தன. நாற்பது வருடமாகக் கேஸ் நடத்திய பங்காளிகள் இரண்டு பேர், எதிராளி விட்டுக்கொடுத்துவிடுவானோ என்று பயந்து, ஒருவருக்கொருவர் காலில் விழாத குறையாக வாய்தா கேட்டுக்கொண்டார்கள். எங்கள் ஊரில் ஒரு வருடமாக எதுவுமே முடியவில்லை. முடிக்கிறவன் பாவி என்று ஆகிவிட்டது.

அப்போதுதான் பின்னால் நிற்கிற வழக்கமும் வந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் கூட்டம் அதிகமானால், சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் போய், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அவர் மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்ததும் உட்கார்ந்துகொள்வார்கள், அதை யாரும் மரியாதைக்குறைவாக நினைப்பதில்லை. அதே மாதிரி, வார்டில் காத்திருந்தவர்கள் ஆளுக்கு ஒரு வயதானவரைத் தேர்ந்துகொண்டு, அவர் படுக்கிற நேரத்துக்கு வந்து, கட்டிலின் தலைமாட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள். ஆரம்பத்தில் பார்க்க ஒருமாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஜெனிட்டா நின்றது பிரம்மசக்தி அக்காவின் கட்டிலுக்குப் பின்னால். பிரம்மசக்தி அக்காவை ஊரில் எல்லோருக்கும் குரலால் தெரியும். பஸ் ஸ்டாண்டில் மைக்கில் எந்த பஸ் எத்தனை மணிக்கு எங்கே புறப்படும் என்று முப்பது வருடம் அறிவித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாடகை வீட்டில் தனியாக இருந்தார். எழுபத்து நான்கு வயது, ஜெனிட்டாவுக்கு இருந்த அதே சிறுநீரக வியாதி, செவ்வாய், வியாழன், சனி காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு வரை அவர் முறை. நீட்டிப்பு கேட்டு இரண்டு முறை யாரோ தூரத்து உறவுப் பெண்ணின் கல்யாணத்தைச் சொல்லி டாக்டர் நசீமாவே எழுதிக் கொடுத்திருந்தார். மற்ற கல்யாணமெல்லாம் நின்றிருக்க, அந்தக் கல்யாணம் மட்டும் நடந்து முடிந்துவிட்டதால் அவர் என் மேசைக்கு வந்தார்.

"வாங்கக்கா. என்ன போடுவோம்? கேஸா, வீடா?" என்று கேட்டேன்.

"காரணம் ஒண்ணும் கிடையாது தம்பி."

"அப்பிடிச் சொன்னா எப்பிடிக்கா? அண்ணன் தம்பி பிள்ளைய யாரும் இல்லியா?"

"மெட்ராஸ்ல அண்ணன் மவன் ஒருத்தன் இருக்கான். நான் இருக்கனா செத்தனான்னு அவனுக்குத் தெரியாது."

"சரி, ஒரு அனாதப் பிள்ளைய எடுத்து வளக்கியன்னு போட்டிருவோம். நம்ம வி.ஏ.ஓகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

அவர் என்னைச் சின்னப்பையனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "முப்பது வருஷமா வராத பஸ்ஸ வரும்னு நான் மைக்ல சொன்னதில்ல தம்பி. இப்பம் போயா சொல்லப்போறேன்? நான் சொல்லுதத எழுது. காலையில எந்திரிக்கேன். ஒரு காப்பி போட்டுக் குடிக்கேன். எதுத்த வீட்டு முருங்கையில அணில் ரெண்டு அடிச்சுக்கிட்டுக் கெடக்கும், பாக்கேன். பேப்பர் ஒரு எழுத்து விடாமப் படிக்கேன். மத்தியானம் ஒரு வாய்ச் சோறு, ஒரு தூக்கம். எனக்கு இது நல்லாருக்கு. இன்னும் கொஞ்ச நாளு இருக்கணும்போல இருக்கு. அவ்வளவுதான்."

"இத எழுதினா தரமாட்டாங்கக்கா."

"தராட்டா போறாங்க. நான் கேட்டது இதுதான்னு காயிதத்துல இருக்கட்டும்."

எழுதினேன். என் தொழிலில் நான் எழுதிய மிகச் சின்ன மனு அதுதான். பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், எனக்குத் தனிக் காரணம் எதுவும் இல்லை, உயிரோடு இருக்க விரும்புகிறேன். கையெழுத்துப் போடுமுன் இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, நல்லாருக்கு என்றார்.

கமிட்டி ஐந்து நிமிடத்தில் தள்ளுபடி செய்தது. படித்தபோது தாசில்தார் நிமிர்ந்து என்னைப் பார்த்து, மீதிப் பக்கம் எங்கே என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன். சனிக்கிழமை முதல் அந்த இடம் ஜெனிட்டாவுக்கு என்று முடிவாயிற்று.

அதற்கு முன் அக்காவுக்கு ஒரே ஒரு முறைதான் மீதி இருந்தது. வியாழக்கிழமை நான் தள்ளுபடி உத்தரவைக் கொடுக்க வார்டுக்குப் போனபோது, பிரம்மசக்தி அக்கா படுத்திருந்தார், தலைமாட்டில் ஜெனிட்டா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கால்கள் இரண்டும் செருப்பு நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தன. நான்கு மாதமாக நிற்கிறாள்.

"ஸ்டூலப் போட்டு உக்காரு பிள்ள. கால் தாங்குமா?" என்றார் அக்கா, அண்ணாந்து பார்த்து.

"வேண்டாம் அத்தை. நிக்கேன்."

"எம்மேல கோவமா ஒனக்கு?"

"கோவம் இல்ல அத்தை. ஆனா எப்பம் எந்திரிப்பியன்னுதான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

பிரம்மசக்தி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நாலு மாசத்தில் உண்மை பேசியவள் நீ ஒருத்திதான் என்று அவள் கையை எட்டிப் பிடித்துத் தட்டிக் கொடுத்தார். நான் கொடுத்த உத்தரவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். 'நிறைவாக வாழ்ந்தவர் ஆதலால்' என்ற இடத்தில் விரலை வைத்து, நிறுத்தி, மறுபடியும் படித்தார். பிறகு காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் வழக்கம்போல வந்து, வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார். எந்திரிக்க மாட்டேன் என்றார்.

இதுவரை எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொன்னால் என்ன செய்வது என்று விதியில் எழுதவில்லை. வெட்கப்பட்டுத் தாங்களாகவே எழுந்துபோவார்கள் என்று நம்பித்தான் விதியே எழுதியிருந்தோம். சிஸ்டர் கிரேஸ் கெஞ்சிப் பார்த்தார். வார்டு ஊழியர்களைக் கூப்பிட்டால், ஆளைத் தூக்கி வெளியே போடுகிறது எங்கள் வேலையில் இல்லை என்றார்கள். வாசலில் நின்ற போலீஸ்காரர் எழுத்தில் உத்தரவு கேட்டார். ஒன்பதரைக்குத் தாசில்தாரும் டாக்டரும் தவமணி அண்ணாச்சியும் நானும் கட்டிலைச் சுற்றி நின்றோம். தலைமாட்டில் ஜெனிட்டா, அவள் பக்கத்தில் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்த மரியசெல்வி. விசிறி தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

தவமணி அண்ணாச்சிதான் ஆரம்பித்தார். "அக்கா, ஒங்களுக்குத் தெரியாததா? சின்னப்பிள்ள நிக்கி. நீங்க சாப்பிட்டாச்சு…"

"அண்ணாச்சி," என்றார் பிரம்மசக்தி அக்கா. மைக் இல்லாமலே அந்தக் குரல் வார்டின் வடக்குக் கோடி வரைக்கும் போனது, எல்லாப் படுக்கையிலும் தலைகள் திரும்பின. "நான் சாப்பிட்டாச்சுன்னு யாரு சொன்னது? என் இலையில இன்னும் சோறு கெடக்கு, நான் இன்னும் கைய வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். எத்தன ஆயிரம் கல்யாணத்துக்குப் பாத்திரம் குடுத்திருக்கிய, சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவன எந்தப் பந்தியிலயாவது எழுப்பிப் பாத்திருக்கியளா?"

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை இழுத்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"என்னய எழுப்புங்க. எழுப்ப வேண்டாம்னு நான் சொல்லல. இந்தப் பிள்ள காலப் பாத்தா எனக்கே தெரியுது. ஆனா நான் வயிறு நெறஞ்சு எந்திரிக்கேன்னு காயிதத்துல எழுதாதிய. சோறு தீந்துபோச்சுன்னு சொல்லுங்க. அதத்தான கேக்கேன். நெறவா வாழ்ந்துட்டேன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? எனக்கே தெரியாதே."

தாசில்தார் தொண்டையைக் கனைத்தார். அப்படி எழுதினால் பிறகு ஏன் தீர்ந்தது, யார் பொறுப்பு என்று கேள்வி மேலிடம் வரைக்கும் போகும் என்று மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னது சரிதான். எங்கள் பக்கத்தில் எந்தக் கல்யாண வீட்டுக்காரனும் சோறு தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டான், சொன்னால் அந்தக் குடும்பத்துக்கு ஏழு தலைமுறைக்கும் அவமானம். அடுப்படியில் அண்டா காலியாகிவிட்டால், பந்தியில் வந்து, எல்லாரும் திருப்தியாச் சாப்பிட்டியளா என்று உரக்கக் கேட்பான், மானமுள்ளவர்கள் புரிந்துகொண்டு எழுந்துவிடுவார்கள். ஒரு ஊரே சேர்ந்து அந்தத் தந்திரத்தைத்தான் சட்டமாக எழுதி வைத்திருக்கிறோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதைச் சுத்தமான தமிழில் பிரதி எடுத்துக் கொடுத்தது என் கை.

டாக்டர் நசீமா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "அம்மா, நீங்க போதுமான அளவு வாழ்ந்தாச்சான்னு எனக்குத் தெரியாது. எங்ககிட்ட இடம் இல்ல. ரெண்டு கட்டில்தான் இருக்கு. உங்களுக்குக் குடுக்க எங்களால முடியல."

அக்கா தவமணி அண்ணாச்சியைப் பார்த்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அறுபத்தாறு வயது மனிதர், பத்து அண்டாவை ஒற்றை ஆளாக வேனில் ஏற்றுகிறவர், துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார்.

"தீந்துபோச்சுக்கா. சோறு இல்ல."

"சரி," என்றார் பிரம்மசக்தி அக்கா. "இப்பம் யாராவது தூக்குங்க. நானா எந்திரிக்க மாட்டேன்."

யாரும் நகரவில்லை. தாசில்தார் ஜன்னலைப் பார்த்தார். நான் என் பேனா மூடியைப் பார்த்தேன். இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. கடைசியில் மரியசெல்விதான் முன்னால் வந்தாள். கருவாடு வாடை போகாத அந்தக் கைகளைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஒரு கையை அக்காவின் முதுகுக்கு அடியிலும் இன்னொரு கையை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்தாள். கொடுத்தவள் தூக்க முடியாமல் அப்படியே குனிந்து நின்றுகொண்டு அழுதாள்.

"என்னய மன்னிச்சிருங்கக்கா. எனக்கு ஒத்தப் பிள்ளக்கா."

"மன்னிக்க மாட்டேன்," என்றார் அக்கா. கோபமே இல்லாமல், பஸ் நேரம் சொல்லுகிற அதே குரலில் சொன்னார். "நீ செய்யுதது தப்புன்னும் சொல்லமாட்டேன். எம்பிள்ளயா இருந்தா நானும் தூக்கியிருப்பேன். ஆனா மன்னிப்பு எங்கிட்ட கேக்காத. மெதுவாத் தூக்கு, எடது இடுப்பு வலிக்கும்."

மரியசெல்வி தூக்கினாள். பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்காரவைத்தாள், சேலை முந்தானையைச் சரிசெய்துவிட்டாள், செருப்பை எடுத்துக் காலில் மாட்டிவிட்டாள். ஜெனிட்டா கட்டிலில் ஏறி, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு தேம்பினாள். அக்கா நாற்காலியிலிருந்தபடியே, மல்லாந்து படு பிள்ள, காத்து நெஞ்சுல பட்டாத்தான் புண்ணியம் என்றார். அவள் மல்லாந்து படுத்தாள். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவளுடைய கால் வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது.

பிரம்மசக்தி அக்கா பன்னிரண்டாம் நாள் செத்துப்போனார். போஸ்டர் அடிக்கக் கூடாது என்று சிஸ்டர் கிரேஸிடம் சொல்லி வைத்திருந்தார், அடிக்கவில்லை. ஊர் அவரைத் தியாகி என்று சொல்ல முடியாமல் திண்டாடியது, வேறு எந்த வார்த்தையும் எங்களிடம் தயாராக இல்லை. எனக்கு அவர் செத்தது தாங்க முடியாத வருத்தம். ஜெனிட்டா பி.காம் முடித்துவிட்டாள் என்பதில் சந்தோஷம். இரண்டில் ஒன்று இன்னொன்றைக் குறைக்கும் என்று காத்திருந்து பார்த்தேன், குறைக்கவில்லை.

அந்த மாதத்திலிருந்து என்னிடம் காரணம் எழுத யாரும் வரவில்லை. பதினெட்டுப் பேர், நான் அழகழகாகக் காரணம் எழுதிக் கொடுத்த பதினெட்டுப் பேரும், தங்கள் நீட்டிப்புக் காகிதங்களைக் கொண்டுவந்து, எங்களுக்கும் இனிக் காரணம் வேண்டாம் என்று தாசில்தார் மேசையில் வைத்துவிட்டு, போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார்கள். ஊரில் இரண்டு மாதத்துக்குள் பன்னிரண்டு கல்யாணம் நடந்தது, வீடுகளுக்குத் தளம் போட்டார்கள், பங்காளிகள் கேஸை வாபஸ் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் போய் அட்சதை போட்ட தாத்தாமார்கள் மறுநாள் காலையில் வந்து விசிறிக்கடியில் படுத்து, தூக்குங்கள் என்றார்கள். ஒருவர்கூடத் தானாக எழுந்திருக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் முகத்தைப் பார்த்து, இல்லை, தீர்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது, சொன்ன பிறகு தூக்க வேண்டியிருந்தது. பின்னால் நின்றவர்களில் தூக்கத் தெம்புள்ளவர்கள் குறைவு. அதனால் அந்த வேலை எப்படியோ தவமணி அண்ணாச்சியின் தலையில் வந்து விழுந்தது, அவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

பதினெட்டாவது ஆளைத் தூக்கி இறக்கிவிட்டு அவர் நேராக என் மேசைக்கு வந்து, எதிரில் இருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஆவுடை, ஒரு மனு எழுதும்வே. கலெக்டருக்கு, மந்திரிக்கு, அதுக்கும் மேல எவன் இருக்கானோ அவனுக்கும் சேத்து எழுதும். கிட்னிக்கு மெஷின் வேணும், கட்டில் வேணும், டாக்டர் வேணும்னு எழுதும். மொதல்ல, எங்ககிட்ட இல்லன்னு எழுதும்."

"ஊர் மானம் போயிருமே அண்ணாச்சி," என்றேன், வேண்டுமென்றே.

"போட்டும்வே. என் கையி ரெண்டும் ராத்திரியெல்லாம் கனக்கு. அவங்க ஒருத்தரும் கனமே இல்ல, அதுதான் எனக்குத் தாங்க முடியல."

எழுதிக் கொடுத்தேன். ஊரே கையெழுத்துப் போட்டது, தாசில்தார் மட்டும் இனிஷியல் போட்டார். அனுப்பி ஏழு மாதம் ஆகிறது. கடிதம் கிடைத்தது, பரிசீலனையில் உள்ளது என்று ஒரு அட்டை வந்தது. இதற்கிடையில் தவமணி அண்ணாச்சியின் கூடப்பிறந்த அக்கா வேலம்மாளுக்கு, நெஞ்சில் நீர் கோர்த்து மூன்று வருடமாகக் காற்றில் பிழைத்திருப்பவருக்கு, நேற்றோடு எழுபது நிரம்பிவிட்டது. அவர் இடத்துக்கு எட்டு வயதுப் பையன் ஒருவன் பின்னால் நிற்கிறான். நாளைக் காலை ஒன்பது மணிக்குத் தம்பி வந்து தூக்கட்டும், நானாக எழுந்திருக்க மாட்டேன் என்று வேலம்மாள் இன்றைக்கே சொல்லி அனுப்பிவிட்டார்.